சேம்பர்லினின் 100 புள்ளி ஆட்டம்: சுற்றும் வீடியோ உண்மையா?

"1962-ல் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த அரிய வீடியோ! அந்த என்.பி.ஏ. சீசனின் மதிப்புமிக்க வீரர் விருதும் அவருக்கே" என்று ஒரு கறுப்பு வெள்ளைத் துணுக்கு வலம் வருகிறது. என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் சேம்பர்லின் 100 புள்ளி எடுத்தது உண்மை. மற்ற இரண்டும் தவறு.

1962 மார்ச் 2 அன்று, பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் அவருடைய பிலடெல்பியா வாரியர்ஸ் அணி நியூயார்க் நிக்ஸை 169-147 என வென்றது. அரங்கில் இருந்தது 4,124 பேர்தான். தொலைக்காட்சி ஒளிபரப்பே கிடையாது. ஆட்டத்தின் வீடியோ எதுவும் இன்றுவரை வெளிவரவில்லை. கிடைத்திருப்பது நான்காம் கால்பகுதியின் வானொலி வர்ணனையும், '100' என்று எழுதிய தாளோடு அவர் இருக்கும் படம் உள்ளிட்ட சில புகைப்படங்களும்தான். ஆகவே, துணுக்கில் ஓடுவது வேறு ஏதோ ஆட்டம். (ஃப்ரீ த்ரோவில், அதாவது எதிரணியின் தவறுக்காகத் தடையின்றிக் கிடைக்கும் எறிதலில், வழக்கமாகச் சொதப்புகிறவர், அன்று 32-ல் 28 போட்டார். அதைத்தான் பார்க்க ஆசை!)

சரி, விருது? 1961-62 சீசனில் அவர் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளி எடுத்தார். அந்தச் சாதனையை இன்னும் யாரும் நெருங்கவில்லை. இருந்தும் விருது பாஸ்டன் செல்டிக்ஸின் பில் ரஸ்ஸலுக்குப் போனது. அப்போது வாக்களித்தவர்கள் சக வீரர்கள். ரஸ்ஸலின் சராசரி 18.9 புள்ளிதான், ஆனால் அவருடைய தடுப்பாட்டத்தின் பலத்தில் செல்டிக்ஸ் 80 ஆட்டங்களில் 60-ஐ வென்றிருந்தது. சீசனுக்குப் பிந்தைய பிளேஆஃப் தொடரிலும் வாரியர்ஸை ஏழாவது ஆட்டத்தில் வீழ்த்தியது செல்டிக்ஸ்தான்.