கார்ப்பண்யத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

ஐயா, மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்துக் கலங்கும் டெல்டா விவசாயியிடம் ‘உன்னையே நம்பு’ என்கிறது உங்கள் இதழில் வந்த கட்டுரை. ஜூன் 12-ல் அணை திறப்பதும் ஐப்பசி அடைமழையும் அவர் கையிலா இருக்கிறது? வைணவம் சொல்லும் சரணாகதிக்கு அங்கம் ஐந்து. அதில் பலரும் தாண்டிப் போவது கார்ப்பண்யம், அதாவது ‘என்னால் ஆகாது’ என்று மனசார ஒப்புக்கொள்வது. அது இல்லாமல் ஸ்ரீரங்கத்தில் போய் நின்றாலும் பெருமாளுக்கே யோசனை சொல்லிக்கொண்டிருப்போம். கவலையும் கூடவே வீடு திரும்பும். அந்தக் கார்ப்பண்யம் வந்தால்தான் ‘நீயே காப்பாற்று’ என்று கேட்பதும், காப்பான் என்கிற மகா விசுவாசமும் நிலைக்கும்.

இதற்காக வேலையை விட்டுவிடக் கூடாது. தேதி முடியுமுன் பயிர்க் காப்பீடு கட்டுங்கள். மழைக்கு முன்பே வடிகாலில் ஆகாயத்தாமரையை அரித்தெடுங்கள். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் வடியாமல் சம்பா இளம்பயிர் மூழ்கி அழுகும்.