சங்கச் சந்தா வேட்பாளர் கைக்குப் போகிறதா?

“அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் உறுப்பினர் சந்தாவை அப்படியே அதிபர் வேட்பாளர்களுக்கு நன்கொடையாகக் கொடுக்கின்றன” என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. இது தவறு.

அதிபர், நாடாளுமன்றத் தேர்தல்களில் சந்தாப் பணத்தை வேட்பாளருக்குக் கொடுக்க 1943இல் போர்க்காலச் சட்டம் ஒன்று தடை போட்டது. 1947இல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் அதை நிரந்தரமாக்கியது. தடை வந்த அதே 1943இல், தொழிற்சங்கத் தலைவர் சிட்னி ஹில்மன் தலைமையில் சிஐஓ என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு தனி அரசியல் நிதிக்குழுவைத் தொடங்கியது. இன்று ‘பேக்’ (PAC, அரசியல் நடவடிக்கைக் குழு) என்று சொல்லப்படும் குழுக்களுக்கு அதுதான் முன்னோடி. வேட்பாளருக்கான பணம் இந்தத் தனிக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். அதில் சேர்வது உறுப்பினர்கள் விரும்பித் தரும் தொகை. கொடுக்காவிட்டால் வேலை போகும் என்று மிரட்டி வாங்குவது சட்டவிரோதம். ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் அதிகபட்சம் 5,000 டாலர். வரவு செலவு கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்திடம் பதிவாகும், யாரும் பார்க்கலாம்.

வதந்தியில் பாதி உண்மை ஒன்றும் ஒளிந்திருக்கிறது, அதை மறைப்பது நேர்மையல்ல. 2010இல் உச்ச நீதிமன்றம் ‘சிட்டிசன்ஸ் யுனைடெட்’ வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு, வேட்பாளரோடு கலந்து பேசாமல் சங்கங்கள் தனியே செய்யும் தேர்தல் விளம்பரத்துக்குச் சந்தாப் பணத்தையும் செலவிடலாம், உச்சவரம்பு கிடையாது. நிறுவனங்களுக்கும் இதே உரிமை உண்டு. இதைச் சொல்லாமல் சங்கங்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அநியாயம். மாநிலத் தேர்தல்களுக்கு விதிகள் வேறு. மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

அரசு ஊழியர்களில் சங்கத்தில் சேராதவர்களிடம் சங்கத்துக்காகக் கட்டணம் பிடிப்பதையும் 2018இல் அதே உச்ச நீதிமன்றம் ‘ஜேனஸ்’ வழக்கில் தந்த தீர்ப்பு நிறுத்திவிட்டது.