கொள்ளிடம் கடலில் சேர்வது எல்லாம் வீண் இல்லை

“கொள்ளிடத்தில் ஓடுவது முழுக்க வீண். முகத்துவாரத்தை அடைத்தால் டெல்டா முழுக்க முப்போகம்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறான தகவல்.

கொள்ளிடம் காவிரியின் வெள்ள வடிகால். காவிரி தாங்காத தண்ணீரைத் திருச்சி அருகே முக்கொம்பில் அதில் திருப்பிவிடுவதால்தான் டெல்டா ஊர்கள் தப்பிக்கின்றன. முகத்துவாரத்தை அடைத்தால் அந்த வெள்ளம் எங்கே போகும்?

கடலோரத்திலும் அந்தத் தண்ணீருக்கு வேலை இருக்கிறது. கொள்ளிடம் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடு நிற்பது நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் இடத்தில். இறால் குஞ்சும் நண்டும் வளர்வது அதன் வேரடியில். உதிர்ந்த இலையும் வேரும் சேற்றில் புதைந்து கார்பனைப் பிடித்து வைக்கின்றன. ஆற்றுநீர் குறைந்தால் கடல்நீர் உள்ளே ஏறும். கோடையில் கடலோரக் கிராமத்து அடிபம்புத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள், கரிக்கும்.

காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பே காவிரியின் மொத்த நீராகக் கணக்கிட்ட 740 டி.எம்.சி.யில் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலில் சேர்வதற்கு 4 என்று ஒதுக்கியிருக்கிறது. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் அதில் கைவைக்கவில்லை. உச்ச நீதிமன்ற இணையதளத்தில் யாரும் படிக்கலாம்.

வாய்க்கால் தூர்வாரவில்லை, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற ஆதங்கம் நியாயமானது, அது வேறு பேச்சு. இந்தச் செய்தி வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்; அனுப்பியவரிடமே இதைச் சொல்லிவிடுங்கள்.