மிச்ச நாளை எண்ணிய ரோமானியர்கள்

ரோமானியர்கள் தேதியைப் பின்னாலிருந்து எண்ணினார்கள் என்று கேலி செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எனக்கு அந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

மாதத்தில் மூன்று நாட்களுக்குத்தான் பெயர். முதல் தேதி கலெண்ட்ஸ். 13-ஆம் தேதி ஐட்ஸ். மார்ச், மே, ஜூலை, அக்டோபரில் மட்டும் 15. ஐட்ஸுக்கு எட்டு நாள் முன்னால் நோன்ஸ். மற்ற நாளுக்கெல்லாம், அடுத்த பெயர் வர இன்னும் எத்தனை நாள் என்பதே பெயர். டிசம்பர் 25 அவர்களுக்கு 'ஜனவரி கலெண்ட்ஸுக்கு எட்டாம் நாள்'. நாம் எண்ணினால் ஏழுதான் வரும். அவர்கள் இருபத்தைந்தையும் எண்ணுவார்கள், ஜனவரி ஒன்றையும் எண்ணுவார்கள். ஜனவரி 14 வந்துவிட்டால் போதும், தேதியில் பிப்ரவரியின் பெயர் ஏறிவிடும்.

ஆதியில் பிறை பார்த்துத்தான் மாதம் பிறந்தது. பிறை தெரிந்ததும் பூசாரி கேப்பிடோல் குன்றில் மக்களைக் கூட்டி, நோன்ஸ் ஐந்தாம் நாளா ஏழாம் நாளா என்று உரக்கக் கூவிச் சொல்வார். கூவுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான் கலெண்ட்ஸ். வட்டி கட்டும் நாளும் அதுவே. கடன் கணக்கு எழுதும் ஏட்டுக்குக் கலெண்டேரியம் என்று பெயர். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் அந்தச் சொல்தான். கடன்பட்டவனுக்கு இன்று என்ன தேதி என்பதா முக்கியம்? கெடுவுக்கு இன்னும் எத்தனை நாள் என்பதுதானே! இருபதாம் தேதி தாண்டினால் சம்பளத்துக்கு நானும் அப்படித்தான் எண்ணுகிறேன்.

சரி, இந்தக் கணக்கு அவர்களையே ஒருமுறை கவிழ்த்தது. நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் கூட்டச் சொல்லி ஜூலியஸ் சீஸர் காலண்டரைத் திருத்தினார். கி.மு. 44-இல், மார்ச் ஐட்ஸ் அன்று அவரைக் கொன்றுவிட்டார்கள். பூசாரிகளோ இரண்டு முனையையும் சேர்த்தெண்ணும் பழக்கத்தில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூட்டிவிட்டார்கள். 36 ஆண்டுகளில் ஒன்பது நாள் சேர வேண்டிய இடத்தில் பன்னிரண்டு சேர்ந்தது. அப்புறம் அகஸ்டஸ் சில லீப் நாட்களை விட்டுவிடச் செய்து சரிப்படுத்தினார்.

அந்தக் கூடுதல் நாளை வைத்த விதம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. பிப்ரவரி 29 என்று ஒன்று அவர்களுக்குக் கிடையாது. மார்ச் கலெண்ட்ஸுக்கு ஆறாம் நாள், அதாவது பிப்ரவரி 24, அதே பெயரில் இரண்டு முறை வரும். இரண்டில் எதில் குழந்தை பிறந்தாலும் வித்தியாசமில்லை, 'ஆறாம் நாள்'தான் பிறந்தநாள் என்று செல்சஸ் என்ற சட்ட அறிஞர் சொல்லிவிட்டார். அதனால் லீப் நாளில் பிறந்த ரோமானியக் குழந்தைக்கும் வருஷா வருஷம் பிறந்தநாள் வந்தது.