குறுக்கிட்டால் முரடரா?

பிபிசி வானொலியில் அரசியல்வாதிகளைப் பேட்டி கண்ட ஜான் ஹம்ஃப்ரிஸ், பதிலின் நடுவே குறுக்கிடும் அந்த நாற்பது நொடித் துண்டை ஆளாளுக்குப் பகிர்ந்து, "பதில் சொல்லவே விடாத முரடர்" என்று எழுதுகிறீர்கள். படிக்கவே வருத்தமாக இருக்கிறது. குறுக்கிட்டார், சரி. எந்த இடத்தில் குறுக்கிட்டார் என்று யாராவது கவனித்தீர்களா?

அவர் நடத்திய பிபிசி ரேடியோ 4-இன் 'டுடே' நிகழ்ச்சியில் காலை 8.10-க்குத்தான் அன்றைய முக்கியப் பேட்டி. நேரலை, வெட்டி ஒட்ட முடியாது. அமைச்சர் ஒரே பதிலில் மூன்று நிமிடம் கட்சி அறிக்கையை ஒப்பித்துவிட்டால் பேட்டியே போச்சு. பேச்சு கேள்வியை விட்டு நழுவும் அந்த வாக்கியத்திலேயே நிறுத்தி, அதே கேள்வியை இன்னும் சுருக்கிக் கேட்க வேண்டும். பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தால், வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பவருக்குக் கேள்வியே மறந்திருக்கும்.

2012 நவம்பர் 10 பேட்டியை முழுசாகக் கேளுங்கள். எதிரே பிபிசியின் தலைமை இயக்குநர் ஜார்ஜ் என்ட்விசில், அதாவது இவருடைய சொந்த முதலாளி. பிபிசி தொலைக்காட்சியின் 'நியூஸ்நைட்' நிகழ்ச்சியால், கன்சர்வேடிவ் அரசியல்வாதி மெக்அல்பைன் பிரபு மீது சிறார் பாலியல் கொடுமை செய்தார் என்று தவறாகப் பழி விழுந்திருந்தது. ஹம்ஃப்ரிஸ் குரலை உயர்த்தவில்லை. ஒளிபரப்புக்கு முன் உங்களுக்குத் தெரியுமா? ட்விட்டரில் பேசப்பட்டதை யாரும் சொல்லவில்லையா? முந்தைய நாள் கார்டியன் செய்தியைப் படித்தீர்களா? எல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள், ஒவ்வொன்றும் முந்தைய பதிலிலிருந்தே எடுத்தது. அன்று இரவே என்ட்விசில் பதவி விலகினார். கத்தி இதைச் சாதிக்க முடியாது. தேதிவாரியாக நடந்தது முழுக்கத் தலையில் இருந்தால்தான் முடியும்.

"அரசியல் சாய்வு" என்பவர்களுக்கு: 1995-இல் கன்சர்வேடிவ் அமைச்சர் ஜோனதன் எய்ட்கன் இவரைச் சாடினார். 1997-இல் ஆட்சிக்கு வந்த லேபர் கட்சியும் பிபிசிக்குப் புகார்க் கடிதம் எழுதியது. அப்படியானால் எந்தப் பக்கம் சாய்ந்தார்?

ஹம்ஃப்ரிஸ் வேல்ஸின் கார்டிஃப் நகரில் ஸ்பிளாட் பகுதியில் பிறந்து, 15 வயதில் பள்ளியை விட்டு, உள்ளூர்ப் பத்திரிகையில் சேர்ந்தவர். 1966-இல் வேல்ஸின் அபர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து 144 பேர் மாண்டார்கள். அதில் 116 பேர் குழந்தைகள். அங்கே முதலில் போய்ச் சேர்ந்த செய்தியாளர்களில் இவரும் ஒருவர். மேட்டுக்கு அடியில் ஊற்று இருந்தது யாருக்கும் தெரியாது என்றார் சுரங்கங்களை நடத்திய அரசு நிலக்கரி வாரியத்தின் தலைவர். ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. விசாரணை ஆணையமும் வாரியத்தைத்தான் குற்றம் சொன்னது. இதைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர், அதிகாரியின் முதல் பதிலை அப்படியே வாங்கிக்கொண்டு போக வேண்டுமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

2018-இல் கசிந்த சம்பளப் பேச்சைக் கொண்டுவருவீர்கள். அது தப்புதான். சக பெண் செய்தியாளரின் ஊதியப் போராட்டத்தைக் கேலி செய்து பேசியிருக்கக் கூடாது. ஆனால் 8.10 பேட்டியில் அவர் கேட்ட எந்தக் கேள்வி அதனால் தவறாகிவிட்டது? ஒன்றைக் காட்டுங்கள், பேசுவோம்.