பத்து லட்சம் ராண்ட் பக்கி நமக்கு எதற்கு?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் ஆட்கள் பலருக்குப் பிழைப்பே பக்கிதான், அதாவது பின்னால் சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டி. விடியும் முன் கிளேர்வுட் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றும், ஆடி மாதம் கோயிலுக்குக் கஞ்சி அண்டா சுமக்கும். அந்த வேலைக்கு ஏற்ற நிசான் என்.பி.200 என்ற சின்னப் பக்கியின் தயாரிப்பு 2024இல் நின்றது. 800 கிலோ ஏற்றலாம், விலையும் கட்டுப்படியாகும். அதற்கு ஈடான வண்டியை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்த இடத்துக்கு ஒரு சின்ன மின்சாரப் பக்கி வர வேண்டும். இங்கே சீனக் கம்பெனி பி.ஒய்.டி.யின் ஷார்க் பக்கியைக் கொண்டுவந்தார்கள். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்த நல்ல வண்டிதான், ஆனால் கிட்டத்தட்ட பத்து லட்சம் ராண்ட். தக்காளிப் பெட்டி ஏற்றுகிறவர் அதை எப்படி வாங்குவார்?

அமெரிக்காவில் 2025 ஏப்ரலில் ஸ்லேட் என்ற கம்பெனி காட்டிய பிக்கப்பைப் பாருங்கள். கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும், ரேடியோ கிடையாது, பெயிண்ட்கூட அடிப்பதில்லை. 52.7 யூனிட் பேட்டரி, சுமார் 240 கிலோமீட்டர் ஓட்டம், 650 கிலோ சுமை. அது இங்கே விற்பனைக்கு இல்லை, ஆனால் அந்தக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்துகிறது. டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து சந்தைக்குப் போய், வழியில் நாலு கடையில் இறக்கித் திரும்பினாலும் 100 கிலோமீட்டர் தாண்டாது. அதற்கு 22 யூனிட் போதும். வீட்டுச் சுவரில் உள்ள சாதாரண 16 ஆம்பியர் பிளக்கிலேயே ஒரு ராத்திரியில் ஏறிவிடும். ஆனால் எக்ஸ்டென்ஷன் வயர் மட்டும் வேண்டாம், மணிக்கணக்கில் சூடேறி உருகலாம். எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி லைன் இழுத்து, சான்றிதழும் வாங்கிவிடுங்கள்.

"கரண்ட் போனா என்ன செய்வீங்க அண்ணா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2023இல் மின்வெட்டால் பட்ட பாட்டை யார் மறப்பார்கள்? ஆனால் இரவில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் குறைவது ஆறு யூனிட், அதாவது 25 கிலோமீட்டர் சொச்சம். அன்றைய வேலை கெடாது.

ஏற்றத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். முழுச் சுமையோடு என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் போனால், சுமார் 700 மீட்டர் உயரம் ஏறுவதற்கு மட்டுமே ஐந்து யூனிட் கூடுதலாகப் போகும். திரும்பும்போது இறக்கத்தில் கொஞ்சம் மீளும், முழுதும் வராது. டிரெய்லர் மாட்டினால் ஓட்டம் பாதிக்கே வந்துவிடலாம். வாரம்தோறும் ஜோஹன்னஸ்பர்க் போகிறவர் டீசலிலேயே இருக்கட்டும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது பிளாட்டில் இருப்பவர்கள். வண்டி தெருவில் நிற்கும், வயரை மாடியிலிருந்து தொங்கவிட முடியாது, விட்டாலும் செம்புக்காகத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களுக்கு வழி சந்தையிலேயே இருக்கிறது. சரக்கு வாங்கி ஏற்றும் வரை வண்டிகள் அங்கே சும்மாதானே நிற்கின்றன? விலை உயர்ந்த வேக சார்ஜர்கூட வேண்டாம், பத்து இருபது சாதாரண பிளக் வைத்து, யூனிட்டுக்கு நியாயமான காசு வாங்கட்டும்.

அப்புறம் இறக்குமதி வரி. ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், மின்சாரக் காருக்கு 25. மின்சார வண்டி தயாரிக்கும் தொழிற்சாலைகளின் முதலீட்டுக்கு 2026 மார்ச் முதல் 150 சதவீத வரிக்கழிவு அறிவித்தார்கள். அது வரவேற்க வேண்டியதுதான். வாங்குகிறவருக்கும், குறைந்தபட்சம் சின்னத் தொழில் வண்டிக்காவது, ஒரு சலுகை கொடுங்கள். நகராட்சி உறுப்பினர்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது சந்தை பிளக்கையும் இந்த வரிச் சலுகையையும் சேர்த்தே கேளுங்கள்.