கூரையையும் தளத்தையும் முதலில் கவனியுங்கள்

சிறிய நகரத்துக்கும், விளையாட்டும் கச்சேரியும் நடத்தக்கூடிய பல்நோக்கு உள்ளரங்கம் வேண்டும் என்கிற கட்டுரையைப் படித்தேன்; அதை முழுமனதுடன் ஏற்கிறேன். ஆனால் அதில் இருக்கைகளின் எண்ணிக்கையை மட்டுமே பேசியிருப்பது வருத்தம் தருகிறது. கூடைப்பந்துக்கு 28-க்கு 15 மீட்டர் போதும். பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பாலுக்கு 40-க்கு 20 மீட்டர் வேண்டும். தளத்தைப் பெரிதாக அமைத்து, மடக்கி உள்ளே தள்ளக்கூடிய இருக்கைகளை வைத்தால் இரண்டும் நடக்கும்.

கச்சேரிக்கான ஒலிபெருக்கிகளும் விளக்குகளும் பெரும்பாலும் கூரையிலிருந்துதான் தொங்கும். அந்தப் பாரத்தை வரைபடத்திலேயே கணக்கிடாவிட்டால், பிறகு கூரையை வலுப்படுத்தப் பெரும் செலவாகும். சுவர்கள் ஒலியை உறிஞ்சாவிட்டால் எதிரொலியில் பாட்டின் சொற்களே கேட்காது. குளிரூட்டியின் காற்று இறகுப்பந்தை இழுத்துச் செல்லும். ஆடும்போது நானே பட்ட அவதி இது!

பெரிய நிகழ்ச்சிகள் இல்லாத நாள்களே அதிகம். அந்த நாள்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரங்கைத் திறந்துவிடுங்கள்.